ஆயரின் ஆலயம் எது, பசிலிக்கா எது? கூடவே சுவரில் உப்புப் பூப்பது பற்றி

தாமிரபரணிக் கரை:
எங்கள் பங்கு விழா மலரில் நெல்லைச் சீமைக் கத்தோலிக்க ஆலயங்கள் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. தூத்துக்குடி பனிமய மாதா கோவிலையும் பேராலயம் என்கிறோம், பாளை சவேரியார் கோவிலையும் அப்படியே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே தகுதியா? உள்ளே போனால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?
இன்னொரு கேள்வி. எங்கள் கோவில் கடலோரத்தில் உள்ள பழைய சுண்ணாம்புக் கட்டடம். சில வருடத்துக்கு முன் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தார்கள். இப்போது இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. மறுபடி பூச எதைக் கலக்க வேண்டும்?

பாளை வாசகர்:
ஒரே தகுதி இல்லை. ஆயரின் (பிஷப்பின்) இருக்கை எந்தக் கோவிலின் பீடத்தருகே நிலையாக இருக்கிறதோ, அதுவே மறைமாவட்டத்தின், அதாவது அவர் பொறுப்பில் உள்ள பகுதியின், தலைமை ஆலயம். கோவிலின் பெரிதும் பழமையும் இதில் கணக்கில்லை. பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல் மதுரையிலிருந்து பிரிந்தது. அதன் தலைமை ஆலயம் சவேரியார் பேராலயம். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923 ஜூன் 12இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. முதல் ஆயர் சேசு சபையைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச். அங்கே ஆயரின் ஆலயம் திரு இருதயக் கோவில்தான், பனிமய மாதா கோவில் அல்ல.
பனிமய மாதா கோவில் மறைமாவட்டத்தை விட 200 வருடம் மூத்தது. பரதவர் 1535 முதல் 1537க்குள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு, அதாவது இந்தக் கடலோரத்துக்கு, வந்தார். இப்போதுள்ள கோவில் 1713இல் அபிஷேகமானது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைப் பசிலிக்கா ஆக்கினார். ஆகவே பசிலிக்கா என்பது திருத்தந்தை தரும் சிறப்பு, ஆயரின் இருக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.
உள்ளே பார்க்க வேண்டியவை: பசிலிக்காவுக்கு உரிய சின்னங்கள் சிவப்பும் மஞ்சளும் கலந்து பாதி விரிந்த பட்டுக் குடை, தண்டில் கட்டிய சிறு மணி, குறுக்காக வைத்த இரு சாவிகள். தலைமை ஆலயத்தில் பீடத்தருகே ஆயரின் சின்னம் பொறித்த நாற்காலியைத் தேடுங்கள். புனித வாரத்தில் ஆயர் எண்ணெய்களை மந்திரிக்கும் திருப்பலியும் வழக்கமாக அங்கேதான் நடக்கும். சுவரில் சுற்றிலும் 12 சிலுவைக் குறிகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் தெரிந்தால், அந்த இடங்களில் ஆயர் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசி ஆலயத்தை அர்ப்பணித்திருக்கிறார் என்று அர்த்தம். சுவரை மராமத்து செய்யும்போது முதலில் அழிந்துபோவது இவைதான். வேலை தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இடத்தை அளந்து வையுங்கள்.

கொத்து வேலைக்காரர்:
சுவரைப் பற்றிச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவர் தரையீரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரத்தோடு ஏறிய உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதை உந்தித் தள்ளுகிறது. கறியுப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் தினமும் இது மாறி மாறி நடக்கும்.
முதலில் வெளியே பாருங்கள். மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா, தளம் சுவர் பக்கம் சாய்கிறதா? அதைச் சரிசெய்யாமல் பூசினால் பணம் வீண். பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை சிமெண்டைக் கையுளியால் பெயர்த்து எடுங்கள். மெஷின் வேண்டாம், செங்கல் உடைந்துவிடும். செங்கல் இணைப்புகளை 15 மி.மீ. சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்.
கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீரில் மூழ்க வைத்து 15 நாளாவது ஊறவிடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு 7 நாளாவது ஈரம் காக்க வேண்டும், வெயில் நேராகப் பட்டால் மயிர்க்கோடு போல வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், மெல்லியதாக மூன்று பூச்சு. சுண்ணாம்பில் வழக்கமாகக் கலக்கும் கடுக்காய், கருப்பட்டித் தண்ணீரை உப்பேறிய கீழ்ப்பகுதிக்குச் சேர்க்காதீர்கள். அங்கே பூச்சு துளைகளோடு இருப்பதே நல்லது. உப்பு இந்தப் பூச்சையும் ஒருநாள் தின்னும். அப்போது அதைக் கழற்றி மறுபடி பூசுவதுதான் முறை. சுவர் தப்பிக்கும்.

ராதாபுரத்தார்:
கட்டுரையில் வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலுக்கு இடம் விடுங்கள். 1872இல் கட்டியது, ஒரே பீடத்தில் இரண்டு கூடங்கள் கவைபோல் சேர்கின்றன. சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைக்கவே இந்த அமைப்பு. இரு பக்கத்தையும் பிரித்த தடுப்பை 1910இல் இடித்தார்கள், வழக்கும் நடந்தது. கட்டட அழகைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கோவிலை எழுதியதாகாது.

தாமிரபரணிக் கரை:
நன்றி. கொத்து வேலை அண்ணாச்சி, பக்கத்தில் தேரி செம்மணல் சுலபமாகக் கிடைக்கிறது, ஆகுமா?

கொத்து வேலைக்காரர்:
வேண்டாம். தேரி மணல் மிக நைசு, மேலே செம்மண் படலம் ஒட்டியிருக்கும், சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. கடல் மணலும் ஆகாது. கழுவிய கரடு மணலாக வாங்குங்கள். கலக்கும் தண்ணீரும் உப்புக் கிணற்றிலிருந்து வரக் கூடாது, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.