4 ஜிபி லப்டொப்பில் தமிழ்ச் சொல் விளையாட்டு: எந்த எஞ்சினில் தொடங்கலாம்?

கொழும்பு13_பொடியன்

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன், கொட்டாஞ்சேனையில். ஐ.சி.டி. பாடத்துக்காகப் பைதன் என்ற நிரல் மொழி கொஞ்சம் படித்தேன். யூனிட்டிக்குத் தேவையான சி ஷார்ப் மொழி தெரியாது.

தங்கை ஆறாம் தரம். அவளுக்காக ஒரு விளையாட்டுச் செய்ய ஆசை. ஒரு சொல்லின் எழுத்துகள் கலைந்து கிடக்கும்; விரலால் இழுத்து வரிசைப்படுத்தினால் சொல் வரவேண்டும். அம்மாவின் அன்ட்ரொய்ட் போனில் ஓடினால் போதும்.

லப்டொப் மாமா பாவித்துத் தந்த பழையது. 4 ஜிபி ரேம், தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, டிஸ்கிலும் இடம் குறைவு. வீட்டு இணையத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் டேட்டா தாராளமாக இருக்கும். விளையாட்டுகளைச் செய்ய உதவும் மென்பொருளான எஞ்சின் என்றால் யூனிட்டி, அன்ரியல், கொடோ என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

மருதானை_டெவ்

தம்பி, பின்னாடி இதையே தொழிலாக எடுக்கும் எண்ணம் இருந்தால் யூனிட்டி. வேலைக்குப் போகும்போது அதைத்தான் அதிகம் கேட்பார்கள், அதோடு சி ஷார்ப் வேறு வேலைகளுக்கும் உதவும். 2023 செப்டெம்பரில் நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்துப் பெரிய குழப்பம் வந்தது உண்மை. ஆனால் அடுத்த செப்டெம்பரில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது வருடத்துக்கு 200,000 டொலர் வருமானம் வரை பேர்சனல் பதிப்பு இலவசம். அன்ரியலை இப்போதைக்கு விடுங்கள், அதைச் செய்த எபிக் நிறுவனம் பரிந்துரைப்பதே 32 ஜிபி ரேம். யூனிட்டிக்கும் 4 ஜிபி கஷ்டம்தான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கணினிக் கடைகள் பக்கம் போய் ரேம் கூட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடலோரம்_06

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கான சின்னத் தமிழ் விளையாட்டுகள் செய்கிறவள் நான். மேலே அண்ணா சொன்னது வேலைவாய்ப்பு என்ற அளவில் சரி. ஆனால் தம்பி செய்யப்போவது தமிழ் எழுத்தையே கையில் எடுத்து விளையாடுகிற ஒன்று. ஆகவே, அந்த எஞ்சின் தமிழை எப்படி வரைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘கொ’ என்று தட்டினால் உள்ளே பதிவாவது ககரம் ஒன்று, அதன் பிறகு ஒகரக் குறி ஒன்று. திரையிலோ கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் போக வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்து தருவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4இல் இருந்து அது எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. கொடோ 3இல் இல்லை, அதனால் 3ஆம் பதிப்புக்கான பழைய வீடியோக்களைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். யூனிட்டியில் எல்லாப் பாடங்களும் காட்டுகிற எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ்புரோ குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். ‘கெ’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிட்டி 6இல் யூஐ டூல்கிட் என்ற திரை அமைப்புக் கருவிக்கு இதைத் தீர்க்கும் புதிய வழி வந்திருக்கிறது, ஆனால் தொடக்கக்காரருக்கு அதை விளக்கும் பாடங்கள் குறைவு.

சொற்களைப் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவுக்கு மாற்றிப் போட்டுச் சமாளிக்கிறவர்களும் உண்டு. பொத்தானில் ‘தொடங்கு’ என்று காட்ட அது போதும். எழுத்துகளைப் பிரித்து ஒட்டும் விளையாட்டுக்கு ஏலாது: பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று தனிக் குறிகள். ஆறாம் தரப் பிள்ளை முன்னால் கொம்பைத் தனியாகப் போட்டால் அது எழுத்தைப் பிழையாக அல்லவா படிக்கும்? பிள்ளைக்குத் தமிழைச் சிதைத்துக் காட்டுகிற எதையும் நாம் செய்யக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கொடோவிலும் ஒரு விஷயத்தை நீங்களே கவனிக்க வேண்டும். ‘கொழும்பு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 8 என்று சொல்லும். நமக்கு அது கொ, ழு, ம், பு என்று 4 எழுத்து. ஒரு சிறிய செயற்கூறு எழுதுங்கள்: வருகிற குறி புள்ளியாகவோ கால், கொம்பு, சுழி போன்றதாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர், இல்லாவிட்டால் இழுப்பதற்குப் புதிய எழுத்துக் கட்டை. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். பைதன் தெரிந்த உங்களுக்குக் கொடோவின் நிரல் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் அந்நியமாக இருக்காது, அங்கேயும் உள்தள்ளல்தான்.

உங்கள் லப்டொப் விஷயம் லேசானது. கொடோ எஞ்சின் 200 எம்பிகூட இல்லை, நிறுவவும் தேவையில்லை, அவிழ்த்துத் திறந்தால் ஓடும். புதிய புரொஜெக்ட் தொடங்கும்போது கேட்கும் மூன்று ரெண்டரர்களில் (திரையில் படம் வரையும் முறைகள்) கொம்பாட்டிபிலிட்டியைத் தெரிவுசெய்யுங்கள். மற்ற இரண்டும் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் வசதி கேட்கும், பழைய இன்டெல் சிப்பில் அது கிடைக்காமல் போகலாம். இரவு டேட்டா தேவைப்படுவது போனுக்கு ஏற்றும் கட்டத்தில்தான்: அன்ட்ரொய்ட் செயலியாக மாற்றத் தேவையான எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட், ஜேடிகே 17, அன்ட்ரொய்ட் எஸ்டிகே எல்லாம் சேர்ந்து சில ஜிபி போகும்.

கொழும்பு13_பொடியன்

அக்கா, மிக்க நன்றி. நேற்றிரவே இறக்கிவிட்டேன், திறக்கிறது. லேபிளில் ‘கொழும்பு’ என்று எழுதினேன், எழுத்து சரியாகவே வருகிறது. எழுத்துருவைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா? போனில் போட பிளே ஸ்டோர் கணக்கும் தேவையா?

மருதானை_டெவ்

எழுத்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தங்கச்சி சொல்வதுதான் சரி, இந்த விளையாட்டுக்குக் கொடோதான்.

கடலோரம்_06

சந்தோஷம் தம்பி. எழுத்துருவைக் கட்டாயம் சேருங்கள். இப்போது தெரிவது உங்கள் கணினியிலுள்ள எழுத்துரு. கொடோவின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நாளைக்கு இணையப் பதிப்பாக ஏற்றினால் வெறும் பெட்டி பெட்டியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், புரொஜெக்ட் கோப்புறைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

பிளே ஸ்டோர் இப்போதைக்கு வேண்டாம். ஒரு தரம் 25 டொலர் கட்ட வேண்டும். புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்திருக்கவும் வேண்டும். ஏபிகே என்ற செயலிக் கோப்பைக் கேபிளில் அம்மாவின் போனுக்கு மாற்றி, தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி கொடுத்தால் சரி.

சொற்களைக் கோடுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள், வரிக்கு ஒன்றாக. தங்கையின் பாடப் புத்தகத்திலிருந்து மூன்று, நான்கு எழுத்துச் சொற்களை அவளையே பொறுக்கச் சொல்லலாம். செயலிக்குக் கையொப்பமிடும் திறவுகோல் இருக்கும் கீஸ்டோர் கோப்பை ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் அடுத்த பதிப்பைப் பழையதின் மேல் நிறுவ முடியாது, அழித்துவிட்டுப் போட வேண்டும். தங்கை எடுத்த புள்ளிகளும் அதோடு போய்விடும்.