பலெர்மோவில விலைக்கு வந்திருக்கிற அல்ஃபா ஜூலியெற்றா எஸ்இசட்: அசலோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

சுன்னாகத்தான்:
இத்தாலியில பலெர்மோவில இருக்கிற மச்சான் ஒரு காரின்ர படங்கள் அனுப்பியிருக்கிறார். 1961 அல்ஃபா றோமியோ ஜூலியெற்றா எஸ்இசட், மிலானில கார்ப் பொடி கட்டுற ஸகாட்டோ கம்பனி கட்டின அலுமினியப் பொடி (மேல்கூடு) எண்டு விக்கிற ஆக்கள் சொல்லினம். பயர்வோலில (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில உள்ள தகரச் சுவர்) அடிச்ச சேசி நம்பர் 10126 எண்டு தொடங்குது. எஞ்சினில 00120. நம்பர் பிளேற் கறுப்பு, பலெர்மோவின்ர "பிஏ" எழுத்து மட்டும் செம்மஞ்சள். லொக் புக் துலைஞ்சு போச்சாம். கையில இருக்கிறது மிலானுக்குக் கிட்ட அரேசேயில உள்ள அல்ஃபா ஆவணக் காப்பகத்தின்ர கடிதக் கொப்பி ஒண்டுதான். வாற கிழமை ஒரு மணித்தியாலம் பாக்க விடுவினம். மச்சானை என்னத்தைப் பாக்கச் சொல்ல? கடிதம் இருக்கிறபடியால் நம்பலாமோ?

கொக்குவில் கராச்:
கடிதத்தை வைச்சு முடிவெடுக்காதேங்கோ தம்பி. காப்பகம் பதில் சொல்லுறது நம்பருக்கு, காருக்கில்லை. இந்த நம்பரில ஒரு கார் இன்ன திகதி கட்டினது, இன்ன நிறம், இன்னாருக்குப் போனது எண்டு எழுதித் தரும். பலெர்மோவில நிக்கிற இரும்பும் அலுமினியமும் அந்தக் கார்தானோ எண்டது அரேசேக்குத் தெரியாது. இடிபட்டுக் கழிச்ச காரின்ர நம்பரை வேற ஒண்டில அடிச்சாலும் கடிதம் இதேமாதிரித்தான் வரும்.

எஸ்இசட் கட்டினது 200 சொச்சம்தான். ஆனால் அதின்ர அடித்தளம் 1959 தொடக்கம் வந்த ஜூலியெற்றா ஸ்பைடரின்ர (கூரை திறக்கிற கார்) அதே 2250 மி.மீ. வீல்பேஸ். ஸ்பைடர் ஆயிரக்கணக்கில வந்தது. உக்கின ஸ்பைடர் ஒண்டின்ர மேல்பொடியை வெட்டி எறிஞ்சுபோட்டு அலுமினியம் போத்தினால், அளவுநாடாவுக்கு வித்தியாசம் தெரியாது. முன் சில்லு நடுவில இருந்து பின் சில்லு நடு மட்டும் அளக்கச் சொல்லுங்கோ. 2380 வந்தால் அது ஸ்பிரின்ற் கூபேயின்ர தளம், 10126 நம்பருக்குப் பொருந்தாது, திரும்பி வரலாம். 2250 வந்தால் இன்னும் ஒண்டும் நிரூபணமாகேல்லை எண்டுதான் அர்த்தம்.

அடுத்தது பயர்வோல். ஸ்பைடரின்ர சொந்த நம்பர் 1495 அல்லது 10103 எண்டு தொடங்கும். அதை மறைக்க ரெண்டு வழி: அராவிப்போட்டுத் திரும்ப அடிக்கிறது, அல்லது நம்பர் இருக்கிற துண்டை வெட்டி வேற துண்டு வைச்சு வெல்ட் பண்ணுறது. முன்பக்கம் பெயின்ற் எல்லாத்தையும் மூடிப்போடும். டாஷ்போட்டுக்குக் கீழால, உள்பக்கத்தில இருந்து ரோச் அடிச்சு நம்பருக்கு நேர்பின்னால பாக்கோணும். போனில பூட்டுற குழாய்க் கமெரா நல்லாக் காணும். சதுரமா ஒரு வெல்டிங் கோடோ, தகரம் சூட்டில நெளிஞ்ச அடையாளமோ இருந்தால் அது வெட்டி ஒட்டினது. அராவினதெண்டால் நம்பரைச் சுத்தித் தகரம் மெல்லிசா, லேசாப் பள்ளமா இருக்கும். விரலால தடவினால் விளங்கும்.

சந்தேகம் தீராட்டி, விக்கிறவை சம்மதிச்சால் பெயின்ரை எடுத்துக் காந்தத் தூள் சோதனை செய்விக்கலாம். நம்பர் அடிக்கேக்க தகரம் ஆழத்திலயும் நசியும், மேலால அராவினாலும் அந்தத் தடம் தெரிய இடமிருக்கு. இது இரும்புக்கு மட்டும். எஞ்சின் புளொக் அலுமினியம், அதுக்குச் சரிவராது.

நாவற்குழி:
நம்பர் பிளேற்றை ஒருவரும் கவனிக்கவில்லை. மாகாண எழுத்து செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும் தகடு 1976 முதல் 1985 வரை கொடுக்கப்பட்டது. ஆகவே 1961ஆம் ஆண்டுக் காருக்கு இது முதல் தகடு அல்ல. அந்தக் காலத்தில் கார் வேறு மாகாணத்தவருக்குக் கைமாறினால் புதுத் தகடு எடுக்க வேண்டும். பழைய தகடு தொலைந்தாலும், வெளிநாட்டிலிருந்து கார் வந்தாலும் அப்படித்தான். இவற்றில் எது நடந்தது, 1961க்கும் 1976க்கும் இடையில் கார் எங்கே இருந்தது என்பதுதான் உங்கள் முதற் கேள்வி.

பதில் பி.ஆர்.ஏ.வில் இருக்கும். 1927இல் தொடங்கிய வாகன உரிமைப் பதிவேடு அது. இத்தாலிய மோட்டார் கழகம் நடத்துகிறது. லொக் புக் தேவையில்லை, தகட்டு எண்ணைக் கொடுத்து "எஸ்ட்ராத்தோ குரோனோலோஜிக்கோ" கேட்கலாம். உரிமையாளர்கள் வரிசையாக, திகதியுடன், சேசி இலக்கத்துடன் வரும். பார்க்கப் போவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். அதில் 10103 என்று இருந்தால் பயர்வோலைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முந்தைய தகட்டு எண் கிடைத்தால் அதற்கும் தனியாக விண்ணப்பியுங்கள். "அழிக்கப்பட்டது" என்று முடிந்த பதிவு வந்தால் மிகக் கவனம்.

தகர வேலை:
பொடியைப் பற்றி மட்டும் சொல்லுறன். காந்தம் ஒட்டேல்லை எண்டால் அலுமினியம் எண்டு மட்டும்தான் தெரியும், ஆர் அடிச்ச அலுமினியம் எண்டு தெரியாது. கதவுக்கடி, சில்லு வளைவின்ர உள்விளிம்பு, அலுமினியம் இரும்பில மடிச்சு ஏறுற இடங்களைப் பாருங்கோ. ரெண்டு உலோகமும் ஈரத்தோட சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக் கரையும். பலெர்மோ எங்கட காங்கேசன்துறை மாதிரிக் கடற்கரை. கனகாலம் அங்க நிண்ட பொடியில அந்த வெள்ளை ஒரு இடத்திலயும் இல்லையெண்டால் அலுமினியத் தகடு புதுசா இருக்கலாம்.

பொனற்றின்ர உள்பக்க வெல்டிங் ஒட்டையும் படம் எடுங்கோ. அந்தக் காலம் காஸ் வெல்டிங் வைச்சுச் சுத்தியலால தட்டி மட்டமாக்கிறது. டிக் வெல்டிங்கின்ர (மின்சாரத்தில ஒட்டுறது) சீரான மீன்செதில் வரி கண்டால் பின்னாளைய வேலை. அதை மட்டும் வைச்சுப் பொய்க் கார் எண்டு சொல்லாதேங்கோ, இடிபட்டுத் திருத்தினதாயும் இருக்கலாம். இதுகள் ஓட்டப் போட்டிக் கார்கள். எல்லா ஒட்டும் அப்பிடியெண்டால்தான் பயம். இடம் வலம் ரெண்டு பக்கத்தையும் ஒரே புள்ளிகளில அளந்து பாருங்கோ. கையால அடிச்ச பொடியில சில மி.மீ. மாறும். அச்சொட்டாப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சுன்னாகத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பி.ஆர்.ஏ.வுக்கு நாளைக்கே மச்சான் போறார். எஞ்சின் நம்பர் 00120 சரிதானே?

கொக்குவில் கராச்:
நம்பர் சரி. எஸ்எஸ்ஸுக்கும் (ஜூலியெற்றா ஸ்பிரின்ற் ஸ்பெஷியாலே) எஸ்இசட்டுக்கும் அந்த வகைதான். ஆனால் பிறகு வந்த அல்ஃபா ஜூலியாவின்ர 1600 புளொக்கில அந்த நம்பரை அடிச்சும் விப்பினம். பிளக் ஒண்டைக் கழட்டி, நீளமான மெல்லிய மரக்குச்சியை உள்ள விடுங்கோ, இரும்புக் கம்பி வேண்டாம், பிஸ்ரன் கீறும். எஞ்சினைக் கையால மெதுவாச் சுத்தி, பிஸ்ரன் மேல நிக்கேக்க ஒரு கோடு, கீழ நிக்கேக்க ஒரு கோடு. இடைவெளி 75 மி.மீ. வந்தால் 1290 சிசி ஜூலியெற்றா. 82 வந்தால் 1570 சிசி. குச்சி சரிஞ்சு நிண்டால் அளவு ஒண்டு ரெண்டு மி.மீ. பிசகும், ஆனால் 75ஐயும் 82ஐயும் குழப்ப ஏலாது. எஞ்சின் பூட்டுப்பட்டிருந்தால் பலவந்தமாச் சுத்தாமல் விடுங்கோ. கியர் அஞ்சோ நாலோ எண்டும் பாருங்கோ, அஞ்சு இருக்கோணும். எஞ்சின் மாறியிருந்தால் விலை குறைச்சுக் கேக்கலாம், சேசி மாறியிருந்தால் அது ஸ்பைடர், ஸ்பைடரின்ர விலைதான்.




நாவற்குழி:
பதிவேடு வந்ததும் திகதிகளை மட்டும் இங்கே போடுங்கள், உரிமையாளர் பெயர்கள் வேண்டாம்.