மானுக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒரே ரைபிள்: எந்தத் தோட்டா சரி?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
வணக்கம். கேட்பது எனக்காக இல்லை. இங்கே துப்பாக்கியோடு மான் பக்கம் போனால் நேரா உள்ளேதான் என்று தெரியும், அதனால் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெரியம்மா மகன் டெக்சாஸில் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறார். கையில் .223 தோட்டா போடும் ஏஆர்-15 ரைபிள் இருக்கிறது. கடைக்காரர் 300 பிளாக்அவுட் தோட்டாவுக்கு மாறச் சொல்கிறாராம், கூட வேலை செய்பவர் 6.5 கிரெண்டல் தோட்டாதான் என்கிறாராம், அண்ணனுக்கோ ஏகே தோட்டா மேல் ஆசை. ராத்திரி போன் போட்டு என் உயிரை எடுக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பட்டாளத்தான் (ஊத்தங்கரை):
தம்பி, சர்வீஸில் இன்சாஸும் ஏகேவும் இரண்டுமே சுட்டிருக்கிறேன். ஏகே தோட்டா, அதாவது 7.62×39, 123 கிரெயின் (குண்டின் எடைக் கணக்கு) குண்டை நொடிக்குச் சுமார் 2,350 அடி வேகத்தில் தள்ளும், கிட்டத்தில் நல்ல அடி, ஆனால் 200 கஜம் தாண்டினால் குண்டு ரொம்ப இறங்கிவிடும். .223 வேகமானது, உதை குறைவு, வீட்டு அம்மாவும் பழகிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் முக்கியம்: முழு உறை போட்ட ராணுவ ரவையால் மானைச் சுடக் கூடாது. அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும், மான் எங்கேயோ ஓடிப் போய்ச் சாகும். பல மாநிலங்களில் அதற்குத் தடையே உண்டு.

ஓசூர்காரன் (இப்போது ஆஸ்டின்):
உங்க அண்ணன் இருப்பது ஹில் கன்ட்ரி (நடு டெக்சாஸின் குன்றுப் பகுதி) பக்கம் என்றால் அங்கே வெள்ளைவால் மான் சின்ன உருவம்தான். டெக்சாஸில் அதற்கு ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும் சின்னத் தோட்டா) மட்டும்தான் ஆகாது, .223 சட்டப்படி சரி. (வர்ஜீனியாவில் அதே .223 செல்லாது, குழல் விட்டம் குறைந்தது .23 அங்குலம் வேண்டும்.) இன்னொரு வேடிக்கை, நம்ம புள்ளிமானை 1932-லேயே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், தனியார் நிலத்தில் அதற்கு சீசனே கிடையாது, லைசென்ஸ் இருந்தால் போதும். ஆனால் கிடா கனமாக இருக்கும், அதற்கு .223 எனக்குத் திருப்தி இல்லை.

மானுக்குக் குண்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. குழலை விட்டு வரும்போது .223 சுமார் 1,280, பிளாக்அவுட் 1,360, ஏகே தோட்டா 1,500, கிரெண்டல் நீளமான பேரலில் 1,800. கிரெண்டல் 300 கஜத்திலும் ஆயிரத்துக்கு மேல் நிற்கும், மற்ற மூன்றும் 200-க்குள்ளேயே அதற்குக் கீழே போய்விடும். கிரெண்டலுக்கும் ஏகே தோட்டாவுக்கும் போல்ட் (தோட்டாவைப் பின்னால் பூட்டும் பாகம்), மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாம் மாற்ற வேண்டும். பிளாக்அவுட்டுக்குப் பேரல் மட்டும் போதும், அதன் பலமே குட்டைப் பேரலில் வேலை செய்வதுதான்.

அந்தச் சௌகரியம்தான் வம்பும். மேகசின் ஒன்றே என்பதால் பிளாக்அவுட் தோட்டா தவறிப்போய் .223 பேரலுக்குள் போய்விடலாம். .30 குண்டு .22 குழாயில் போக வழி ஏது? துப்பாக்கியே வெடித்துச் சிதறும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் மேகசினுக்கு வேறு நிறம் கட்டாயம்.

அஞ்செட்டி விவசாயி:
அண்ணா, என் கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது, இதில் எது எனக்கு ஆகும்?

பட்டாளத்தான் (ஊத்தங்கரை):
எதுவும் ஆகாது. ஃபாரஸ்ட் ஆபீஸில் மனு கொடுங்க. நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய் என்று போய் மாட்டிக்காதீங்க.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
அண்ணனிடம் பேசிவிட்டேன். அவர் நிலத்தில் 120 கஜத்துக்கு மேல் பார்வையே போகாதாம், மரம்தான். அப்போ .223-யே வைத்துக்கொண்டு விரியும் குண்டு வாங்கலாமா? எத்தனை கிரெயின்?

ஓசூர்காரன் (இப்போது ஆஸ்டின்):
அந்தத் தூரத்துக்குத் தாராளமாகப் போதும், தோளுக்குப் பின்னால் நெஞ்சில் விழ வேண்டும், கோணல் சூடு வேண்டாம். 60-லிருந்து 70 கிரெயினுக்குள், மானுக்கென்றே செய்த குண்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்க. அதற்கு முன் பேரலில் 1:7, 1:8, 1:9 (உள்ளே வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்று எது அடித்திருக்கிறது என்று பார்க்கட்டும். பழைய 1:12 என்றால் கனமான குண்டு நிலைக்காமல் ஆடும்.