மறு: ஸ்டீல் கிதாருக்குத் தமிழ்ச்சொல் – ‘எஃகுக் கிதார்’ சரிப்படாது

அனைவருக்கும் வணக்கம்.

இதுவரை வந்த மடல்களைப் பார்த்தால் ‘எஃகுக் கிதார்’ என்ற சொல்லுக்குத்தான் ஆதரவு கூடுதல் என்று தெரிகிறது. முடிவெடுப்பதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய லேப் ஸ்டீல்களை (மடியில் கிடத்தி, தந்திகள்மேல் உலோகத் தண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிதார்களை) அடையாளம் காண்பது, வாசிப்பது பற்றிய கட்டுரைக்காகத்தான் இந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள், அப்படிப்பட்ட கட்டுரையில் இந்தச் சொல் படிப்பவரைத் தவறான கருவியிடம் கொண்டுபோய் விடும்.

எஃகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1932-இல் விற்பனைக்கு வந்த, ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ‘ஃப்ரையிங் பேன்’ கிதார் முழுக்க அலுமினிய வார்ப்பு. 1935-இல் வந்த அவர்களுடைய ‘மாடல் பி’ பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக். லாஸ் ஏஞ்சலஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்தவை பெரும்பாலும் கோவா (koa) என்ற ஹவாய் மரம், கழுத்துவரை உள்ளே வெற்றிடம். இவற்றில் எதன் உடம்பிலும் எஃகு இல்லை. ஆனால் 1920களின் கடைசியில் வந்த நேஷனல் நிறுவனத்தின் ட்ரைகோன் கிதார் பளபளவென்று உலோக உடம்போடு இருக்கும், அதில் உருண்டைக் கழுத்து வகை சாதாரண கிதார்போலப் பிடித்து வாசிப்பதற்கென்றே செய்தது. ‘எஃகுக் கிதார்’ என்று படித்தவர் அதைத்தான் போய் வாங்குவார், மடிக்கென்று செய்த அலுமினியத்தையோ மரத்தையோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பெயரில் வரும் எஃகு, இடது கையில் பிடிக்கும் தண்டு. 1889 வாக்கில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற மாணவர் உலோகத் துண்டைக் கம்பிகள்மேல் நகர்த்தி வாசித்துப் பார்த்தார், பிறகு பள்ளிப் பட்டறையிலேயே எஃகுத் தண்டு செய்துகொண்டார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. ஹவாய்க்காரர்களே ‘கீகா கிலா’ என்றுதானே சொல்கிறார்கள், கிலா என்றால் எஃகுதானே என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் அங்கே அந்தத் தண்டைக் கையில் பார்த்த பிறகு வந்த பெயர் அது. நம் வாசகர் பெயரை முதலில் படிக்கிறார், கருவியை அப்புறம்தான் பார்க்கிறார்.

அதனால் தண்டுக்கு முதலில் ஒரு சொல் வேண்டும். ‘சறுக்கு’, ‘வழுக்கு’ இரண்டும் பூங்காவை நினைவூட்டுகின்றன, கால் தவறுவதுபோல ஒரு தொனியும் இருக்கிறது. ‘வருடி’ நல்ல சொல், ஆனால் ஸ்கேனருக்குப் போய்விட்டது. ‘கட்டை’ என்று கோட்டுவாத்தியத்திலிருந்து (சித்திரவீணை) எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே கருங்காலியில் செய்வதால் பொருந்துகிறது, எஃகு உருளையைக் கட்டை என்றால் இடிக்கிறது. நான் முன்வைப்பது ‘இழைகோல்’. சந்தனம் இழைக்கிறோம், பாட்டை இழைத்துப் பாடுகிறார் என்கிறோம், அழுத்தமும் நகர்வும் சேர்ந்த அந்தச் செயல்தான் இங்கேயும் நடக்கிறது. இழை என்றால் நூல் அல்லவா என்ற கேள்வி வரும். ஊறுகாய், சுடுகாடு மாதிரி இது வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘இழைக்கோல்’ என்று யாராவது க் போட்டால்தான் நூல் சுற்றும் கோல் ஆகும், ஆகவே மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இது நிலைத்தால் மற்றவை தானாக அமையும். மொத்தக் குடும்பத்துக்கும் ‘இழைகோல் கிதார்’, மடியில் வைப்பது ‘மடிக் கிதார்’, காலால் மிதித்துத் தந்திகளின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலுக்கு ‘மிதி கிதார்’. ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் மாதிரி கால் பூட்டி நிறுத்துபவற்றை மடிக் கிதார் என்று சொல்ல முடியாது, அவற்றுக்கு ‘நிலைக் கிதார்’ போதும். ‘ஹவாயன் கிதார்’ என்று நம் பக்கம் பல காலமாகச் சொல்லிவருவதை இணைச்சொல்லாக அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதை அழிக்க வேண்டியதில்லை.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேடி அலையவே வேண்டாம், வீணைக்காரர்கள் எல்லாம் தயாராக வைத்திருக்கிறார்கள்: மேரு (நட்), குதிரை (பிரிட்ஜ்), பிரடை (முறுக்காணி), மெட்டு (ஃப்ரெட்). மடிக் கிதாரில் மேரு உயரமாக இருக்கும், தந்திகள் பலகையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கும், பழைய கருவி ஒன்று கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். ஒரே இடத்தில் மட்டும் கவனம் தேவை. இதில் ‘மெட்டு’ என்று எழுதக் கூடாது. விரலால் அழுத்தி வாசிக்கும்போது மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம், சுருதியை மெட்டு பார்த்துக்கொள்ளும். இங்கே தந்தி பலகையைத் தொடுவதே இல்லை, வார்ப்பில் வரிகள் எழும்பியிருந்தாலும் அவை கண்ணுக்கு அடையாளம் மட்டும்தான். இழைகோல் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அதையும் மேலேயிருந்து நேராகக் குனிந்து பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் சுருதி விலகிவிடும். கோலுக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திகளை லேசாகத் தொட்டபடியே வராவிட்டால் பின்பக்கமும் சேர்ந்து அதிர்ந்து கிர்ரென்று கேட்கும். ஆகவே ‘சுரக்கோடு’ என்றே வைப்போம். மெட்டு என்று எழுதினால் புதிதாகக் கற்பவர் பழக்கத்தில் பின்னால் வைப்பார், எல்லாச் சுரமும் இறங்கிக் கேட்கும்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை பிக்கப் என்றே விடலாம் என்பது என் கட்சி. ஆனால் ரிக்கன்பேக்கரின் அந்தக் காந்தங்களைக் ‘குதிரைலாடம்’ என்று எழுதாதீர்கள், பக்கத்திலேயே குதிரை இருக்கிறது, குழம்பும். பாடநூலில் உள்ள ‘லாடக் காந்தம்’ போதும். இரண்டு லாடங்கள் எதிரெதிராகத் தந்திகளைச் சுற்றி வளைந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றில் லாடத்தின் அகலம் ஒன்றரை அங்குலம், பிந்தையவற்றில் ஒன்றேகால், அளவுகோல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேக்கலைட் மாடலில் மேல் தகடுகள் முதலில் குரோம், பிற்பாடு வெள்ளைப் பூச்சு.

வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொடென்ஷியோமீட்டரை ‘மின்னழுத்தமானி’ என்று கட்டுரை வரைவில் போட்டிருக்கிறார்கள். அது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கம்பி நீட்டி அளக்கும் கருவி. இங்கே ‘மாறுதடை’ என்பதுதான் சரி, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஏனென்றால் போருக்குப் பிந்தைய கருவிகளின் வயதைச் சொல்லும் குறியெண் அதன் முதுகில்தான் இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் மாறுதடையைச் செய்த நிறுவனம் (137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல்), பின்னால் வருவது ஆண்டும் வாரமும். பற்றவைப்பு பழையதாக, கை படாததாக இருந்தால் கிதார் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்காது. பற்றவைப்பு புதிதாக மின்னினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி. கோலைச் சாய்த்து இரண்டு தந்திகளில் வேறு வேறு சுரக்கோடுகளைப் பிடிப்பார்கள், சி6 சுருதிக்கட்டில் (தந்திகளை C6 என்ற சுரக்கூட்டுக்குச் சுருதி சேர்க்கும் முறையில்) இது இல்லாமல் முடியாது. ‘சாய்பிடி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். முன்சாய்வு, பின்சாய்வு இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதை வாசிப்பவரின் பார்வையில் வைப்பதா எதிரே இருப்பவரின் பார்வையில் வைப்பதா என்பதைச் சித்திரவீணை பழகியவர்கள் யாராவது எழுதுங்கள்.