வெளியே 22, வீட்டுக்குள்ளே 30. டப்ளின், மூணாவது மாடி, அஞ்சு மாசக் குழந்தை. உதவி வேணும்

மூணாவதுமாடி | 17 ஜூலை 2022, ஞாயிறு, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். லூக்கன் பக்கம் வாடகைக்கு இருக்கோம். 2005 வாக்கில கட்டின அபார்ட்மென்ட், எங்களுக்கு மேலே கூரைதான். கேஸ் கிடையாது, சுடுதண்ணி ஹீட்டர் எல்லாமே கரண்ட்ல. ஹாலுக்கு மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு, அதையொட்டி சின்ன பால்கனி. பெட்ரூம் ரெண்டும் கிழக்கே.

மணி ஒன்பதே கால் ஆச்சு, வெயில் இன்னும் ஹால் சுவத்துல அடிக்குது. ஃபோன்ல பார்த்தா வெளியே 22. குழந்தை ரூம்ல முட்டை மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வச்சிருக்கோம், சூடு ஏற ஏற நிறம் மாறும். அது 30 காட்டி மதியத்துலேர்ந்து சிவப்பாவே எரியுது.

காலையிலேர்ந்து எல்லா ஜன்னலும் திறந்துதான் கிடக்கு. ஆனா ஒரு சாண் கூடத் திறக்காது, உள்ளே ஏதோ தடுக்குது. ஃபேன் வாங்க நாலு கடை ஏறி இறங்கினோம், எங்கேயும் ஸ்டாக் இல்லை. ஆன்லைன்ல போட்டது புதன்கிழமைதான் வருமாம். நாளைக்கு இன்னும் ஏறும்னு மெட் ஏரன் (இந்த நாட்டு வானிலை மையம்) எச்சரிக்கை வேற.

விருதுநகர்லேர்ந்து அத்தை வந்திருக்காங்க. காலையில "முப்பதுக்கே இந்தக் கூத்தா"ன்னு சிரிச்சவங்க, மூணு மணிக்கு ஈரத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு பாத்ரூம் தரையில உட்கார்ந்துட்டாங்க. ஊர்ல செய்ற மாதிரி தரையில தண்ணி தெளிக்கப் போனாங்க, லேமினேட் உப்பிடும்னு கையைப் பிடிச்சுத் தடுக்க வேண்டியதாப் போச்சு.

வெளியே குறைஞ்ச பிறகும் உள்ளே ஏன் குறைய மாட்டேங்குது? போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா? குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அத்தை சீரகத் தண்ணி காய்ச்சி ஆற வச்சிருக்காங்க, ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா?

நைட்டூட்டி | ஞாயிறு, இரவு 9:41

குழந்தை விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம். நான் இங்கே நர்ஸ், பதினோரு வருஷம் ஆச்சு.

சீரகத் தண்ணி வேண்டாம்மா. ஆறு மாசம் முடியாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு எந்த வெயில்லயும் தனியாத் தண்ணி தேவையில்லை. அடிக்கடி பால் கொடுங்க, தண்ணியை நீங்க குடிங்க. அத்தை காய்ச்சினதையும் நீங்களே குடிச்சிடுங்க, அவங்க மனசும் நோகாது.

ரூம் 16-லேர்ந்து 20-க்குள்ளே இருக்கணும்னு எச்.எஸ்.இ. (இங்கத்த அரசு சுகாதாரத் துறை) சொல்றதைப் படிச்சிருப்பீங்க. இந்த ரெண்டு நாள் அது நடக்காது. அதுக்காக அந்த முட்டையையே பார்த்துப் பயந்துட்டு இருக்காதீங்க, பிள்ளையோட பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்க. கை கால் வச்சுக் கணக்குப் போடக் கூடாது, அது எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும். வேர்த்திருந்தா நாப்பியோட (டயபர்) மட்டும் தூங்க விடுங்க. போர்வை, தலையில தொப்பி எதுவும் வேண்டாம். வெளியே போனா பக்கி (பிள்ளையை வச்சுத் தள்ளுற வண்டி) மேலே துணி போட்டு மூடாதீங்க. மெல்லிசுத் துணினாலும் உள்ளே காத்து ஓடாம அடுப்பு மாதிரி ஆயிடும்.

நாப்பி நனையறது குறைஞ்சாலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ இங்கே எழுதிட்டு இருக்காதீங்க. உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. எழுப்பியும் எழலைன்னா அவசர நம்பர் 112.

பழைய டப்ளின்காரன் | ஞாயிறு, இரவு 10:15

தங்கச்சி, உங்க மேல தப்பில்லை, வீடு அப்படி. 2004-ல வந்தேன், மேற்குப் பார்த்த மூணு வீட்டுல வெந்திருக்கேன்.

இங்கே ஒரு ஜன்னலுக்காவது மேலே சன்ஷேடு பார்த்திருக்கீங்களா? நம்ம ஊர்ல மேஸ்திரி கேக்காமலே போட்டுடுவார். இந்த ஊர்ல வருஷத்துல பத்து மாசம் வர்ற வெயிலை விடாம உள்ளே பிடிச்சு வைக்கணும், வீடு அதுக்குன்னு கட்டினது. அதோட, நம்ம ஊர்ல மேற்கு வெயில் ஆறரைக்கு முடிஞ்சிடும். இங்கே ஜூலைல ஒன்பதரை தாண்டித்தான் அடையும். சாயங்காலம் ஏழு மணிக்கும் சூரியன் கண்ணுக்கு நேரா நின்னு கண்ணாடி வழியா நேரே சோஃபாவுல விழுது. மத்தியானத்துலேர்ந்து எட்டு மணி நேரம் வாங்கின சூட்டை வெளியே 22 ஆனதும் சுவரு சட்டுன்னு விட்டுடுமா?

காலையிலேர்ந்து திறந்து வச்சீங்களே, அதுதான் தப்பு. விருதுநகர்ல உச்சி வெயிலுக்கு அத்தை ஜன்னலை என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க. வெளியே உள்ளேயை விடச் சூடா இருக்கிற நேரம் மூடணும். வெளியே குறைஞ்ச நிமிஷம் எதிரும் புதிருமா ரெண்டு பக்கமும் திறக்கணும், ரூம் கதவுகளும் சேர்த்து. இப்போ திறந்து விடியற வரைக்கும் விடுங்க. காலையில வெயில் ஏறுறதுக்குள்ளே கிழக்கே திரை போடுங்க, பத்து மணிக்கு மொத்த வீட்டையும் மூடுங்க.

முக்கியமானது: மேற்குக் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டா பாதிப் பிரயோஜனம்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டிட்டா சூடு உள்ளே வந்த மாதிரிதான். வெளியே, பால்கனியில, ஒரு வெள்ளை பெட்ஷீட் கட்டுங்க.

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 10:32

ஒரு சின்னத் திருத்தம். ஒரே இடத்துல தொடர்ந்து அஞ்சு நாள் 25-ஐத் தாண்டினாத்தான் மெட் ஏரன் அதை வெப்ப அலைன்னு சொல்லும். இப்போதைக்கு இது வெறும் வெயில்.

நைட்டூட்டி | ஞாயிறு, இரவு 10:34

வேர்க்குரு வந்த பிள்ளைகிட்ட போய் இதைச் சொல்லுங்க சார்.

மூணாவதுமாடி | 18 ஜூலை, திங்கள், காலை 7:05

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குழந்தை நாப்பியோட தூங்கினா, ரெண்டு தடவைதான் எழுந்தா. ராத்திரி பூரா திறந்து வச்சதுல ஹால் 24-க்கு இறங்கியிருக்கு. குழந்தை ரூம் மட்டும் 28.5.

ஜன்னல் ஒரு சாண் தாண்டித் திறக்காததுக்கு ஏதாவது வழி இருக்கா?

கார்க்பொண்ணு | திங்கள், காலை 7:50

அது குழந்தைங்க விழாம இருக்க வைக்கிற தடுப்பு. ஃபிரேம் ஓரத்துல சின்னக் கொக்கி மாதிரி இருக்கும், அழுத்தித் தள்ளினா விடும். சிலதுக்குச் சாவி. எங்க வீட்டுல வெயில் வந்தா அதைக் கழட்டிடுவோம்.

நைட்டூட்டி | திங்கள், காலை 8:02

மூணாவது மாடியில கழட்டச் சொல்லாதீங்க ப்ளீஸ். அஞ்சு மாசப் பிள்ளை தவழாதுன்னு சொல்வீங்க. பக்கத்து வீட்டு மூணு வயசு வாண்டு விளையாட வரும், கட்டில் ஜன்னலோரம் இருக்கும். பெரியவங்க பக்கத்துல நிக்கிற நேரம் திறந்துட்டு, திரும்ப மாட்டிடுங்க.

கார்க்பொண்ணு | திங்கள், காலை 8:10

சரிதான் அக்கா, எங்க வீடு தரைத்தளம், அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன்.

போர்ட்டபிள் ஏசி பத்தி: 2018-ல (ஹோஸ் பைப்ல செடிக்குத் தண்ணி விடவே தடை போட்டாங்களே, அந்த வருஷம்) ஒண்ணு வாங்கி ஏமாந்தோம். பின்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி குழாய் இருக்கும், அதை ஜன்னல் வழியா வெளியே விடணும். நம்ம ஜன்னல் சாஞ்சு திறக்கிற வகை, சுத்தி எல்லாம் இடைவெளி. குழாய் தள்ளுற சூடான காத்துக்கு ஈடா அந்த இடைவெளி வழியாவே வெளிக்காத்து உள்ளே வரும். சத்தம் மிக்ஸி மாதிரி. ரெண்டு நாள் வெயிலுக்கு வேண்டாம்.

ஃபேன் வந்ததும் ராத்திரி அதை ஹால் ஜன்னல்ல வெளியே பார்த்து ஓட விடுங்க. உள்ளே இருக்கிற சூட்டைத் தள்ளும், கிழக்கு ஜன்னல் வழியா குளிர்ந்த காத்து தானா வரும். ஊர்லேர்ந்து யாராவது வந்தா ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவரச் சொல்லுங்க. ரெண்டு நாட்டுலயும் 230 வோல்ட்தான், பிளக் அடாப்டர் இருந்தா போதும். சிரிப்பீங்க, எங்க வீட்டுல ஓடுறது கோயம்புத்தூர்லேர்ந்து பெட்டியில வந்ததுதான்.

மூணாவதுமாடி | திங்கள், மாலை 6:40

நிலவரம் சொல்றேன். பழைய டப்ளின்காரன் அண்ணா, பெட்ஷீட் வேலை செஞ்சுது! நேத்து இதே நேரம் ஹால் 32, இன்னைக்கு வெளியே அதை விட மோசம், ஹால் 27. பத்து மணிக்கே எல்லாத்தையும் அத்தை மூடிட்டாங்க. "இதைத்தான் நேத்தே சொல்ல வந்தேன், நீ தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு இருந்தே"ன்னு ஒரு பேச்சு.

நாலு மணிக்கு மேனேஜ்மென்ட்லேர்ந்து மெயில்: பால்கனியில துணி காயப்போடக் கூடாதாம். கம்பியிலேர்ந்து அவிழ்த்து, துணி ஸ்டாண்டைக் கண்ணாடியை ஒட்டி நிறுத்தி அதுல போட்டுட்டேன். கீழேயிருந்து பார்த்தா தெரியலை.

ஆனா குழந்தை ரூம் இப்பவும் 29. கிழக்குப் பக்கம், காலையில திரை போட்டிருந்தோம், மத்தியானத்துக்கு மேல வெயிலே இல்லை. மேற்கு ஹாலை விட அது எப்படிச் சூடா இருக்கும்?

கணக்குப்புலி | திங்கள், மாலை 7:15

டப்ளின் ஃபீனிக்ஸ் பார்க்ல இன்னைக்கு 33.0. கில்கெனி கோட்டையில 1887 ஜூன் 26-ஆம் தேதி பதிவான 33.3-தான் இந்த நாட்டோட உச்சம். 135 வருஷச் சாதனைக்கு 0.3 டிகிரி கம்மி! இன்னைக்கு ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு ஒரு தகவல்: உட்கார்ந்து செய்ற வேலைக்கு முதல் ஒரு மணி நேரம் கழிச்சு 17.5-க்குக் குறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இத்தனை டிகிரிக்கு மேல ஏறக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லை.

பழைய டப்ளின்காரன் | திங்கள், இரவு 8:30

தங்கச்சி, ஹாட் பிரஸ் எங்கே இருக்கு? அதான், சுடுதண்ணி டேங்க் வச்சு மேலே துணி அடுக்குற அலமாரி. குழந்தை ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கமா? அந்தச் சுவத்துல கை வச்சுப் பாருங்க. அப்படியே இம்மர்ஷன் (அந்த டேங்க்குக்குள்ளே இருக்கிற கரண்ட் ஹீட்டர்) சுவிட்சையும் பாருங்க, சிவப்பு விளக்கு எரியுதா?

மூணாவதுமாடி | திங்கள், இரவு 8:52

ஐயோ.

சுவரு வெதுவெதுன்னு இருக்கு. தொட்டிலோட தலைமாடு அந்தச் சுவத்தை ஒட்டித்தான். ஹாட் பிரஸ் கதவைத் திறந்தா இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி மூஞ்சில அடிக்குது. முட்டையை உள்ளே வச்சேன், அஞ்சு நிமிஷத்துல 38. டேங்க்கைச் சுத்தின சிவப்பு ஜாக்கெட்டோட வார் அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்குது, செம்பு தெரியுது. சுவிட்ச் ரெண்டு இருக்கு: ஒண்ணு "ஆன்", இன்னொண்ணு "பாத்". அத்தை வந்த அன்னைக்கு, சுடுதண்ணி பத்தாதேன்னு இவர் டைமரை விட்டு நேரா ஆன்ல போட்டிருக்கார். மூணு வாரமா ஓடுது.

பழைய டப்ளின்காரன் | திங்கள், இரவு 9:05

மூணு வாரமா! கரண்ட் பில் வரும்போது உட்கார்ந்துக்கிட்டே பிரிங்க.

"சின்க்"னு போட்டா மேல் பாதி மட்டும் சுடும், "பாத்"னா மொத்த டேங்கும். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கும், ஆனா டேங்க் சூட்டை விட விட அது திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கும். இந்த ஊர்ல "இம்மர்ஷனை அணைச்சியா?"ன்னு பிள்ளைங்களைத் திட்டாத அம்மா கிடையாது. வீட்டைப் பூட்டிட்டு ஏர்போர்ட் பாதி வழி போனப்புறம் கேப்பாங்க.

இப்போ அணைச்சிடுங்க. ஜாக்கெட்டை இழுத்து வாரைக் கட்டுங்க. ஹாட் பிரஸ் கதவை மூடியே வையுங்க. இன்னைக்கு ராத்திரி தொட்டிலை எதிர்ச் சுவத்துப் பக்கம் தள்ளுங்க. நாளையிலேர்ந்து டைமர்ல ஒரு மணி நேரம், விடியக்காலையில. அடியோட அணைச்சு வாரக்கணக்குல வெதுவெதுப்பா விட்டுடாதீங்க. தேங்கின தண்ணியில கிருமி வளரும், அதனால டேங்க் அப்பப்போ 60 வரைக்கும் சூடாகணும்.

கால்வேகாத்து | திங்கள், இரவு 9:20

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, கடல்ல குளிக்கிற ஃபார்ட்டி ஃபுட் போய் ஒரு முங்கு போட்டா தீர்ந்துது.

நைட்டூட்டி | திங்கள், இரவு 9:26

வெயில் 33-ன்னா கடலும் சூடா இருக்கும்னு நினைச்சுக் குதிக்காதீங்க, தண்ணி 15 சொச்சம்தான் இருக்கும். முதல் நிமிஷம் மூச்சு முட்டும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும்தான். போறதா இருந்தா டாலிமவுண்ட் மாதிரி உயிர்காப்பாளர் இருக்கிற கடற்கரைக்கு, அவங்க இருக்கிற நேரத்துல போங்க. மெல்ல இறங்குங்க.

மூணாவதுமாடி | 19 ஜூலை, செவ்வாய், காலை 6:30

குழந்தை ரூம் 25! முட்டை இன்னும் சிவப்புதான், ஆனா பிடரி வேர்க்கலை. விடியக்காலை அஞ்சு மணி வரைக்கும் ஒரே தூக்கம். அண்ணா, உங்க வீட்டுக்கு ஒரு நாள் பிரியாணியோட வரோம்.

ஜாக்கெட் கிழிஞ்சிருக்கு, புதுசு போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஃபோட்டோவோட மெயில் போட்டாச்சு.

மூணாவதுமாடி | 27 ஜூலை, புதன், காலை 8:45

கேட்டவங்களுக்காக: புது ஜாக்கெட் நேத்து வந்து மாட்டிட்டுப் போனாங்க. ஃபேன் போன புதன்கிழமையே வந்துடுச்சு, இன்னும் டப்பாவைப் பிரிக்கலை. இன்னைக்குக் காலையில வெளியே 13. அத்தை ஸ்வெட்டர் எங்கேன்னு தேடினாங்க, ஹாட் பிரஸ்ல மடிச்சு வச்சிருந்தேன். எடுத்துப் போட்டுக்கிட்டு, "அலமாரியில வச்சும் இப்படி ஜில்லுன்னு இருக்கு, அந்த சுவிட்சைக் கொஞ்சம் போடக் கூடாதா"ங்கிறாங்க.