‘உக்ரைனை ரஷ்யா பிடித்துக்கொண்டால் என்ன தப்பு?’ – சென்னையில் நேரில் கேட்டவையும் நாங்கள் நால்வர் சொன்ன பதில்களும்

மேற்கு மாம்பலம் உறுப்பினர்:

உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்னையில் அந்தப் போருக்கு இருக்கும் ரசிகர் மன்றம் மட்டும் கலைந்தபாடில்லை. எங்கள் குடியிருப்பில் அதற்குத் தலைவர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. காலை நடை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் அவருடைய போர்ச் செய்தி அறிக்கை தொடங்கும்.

2022 பிப்ரவரி 24 அன்று, “மூன்றே நாளில் கீவ் விழுந்துவிடும், பாருங்கள்” என்றார். விழவில்லை. அதன் பிறகு கணிப்பை விட்டுவிட்டுக் காரணங்களுக்கு மாறினார். முதலில் நாஜிகளை ஒழிக்கத்தான் போர் என்றார். பிறகு அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவைக் காரணம் காட்டினார். அதுவும் சலித்ததும், “அது எப்போதுமே ரஷ்யாவின் நிலம்தானே!”

1991 டிசம்பர் 1-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உக்ரைன் தனி நாடாக வாக்களித்தார்கள், ரஷ்யர்கள் பெரும்பான்மையாக இருக்கும் கிரிமியாவிலேயே பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தது என்றேன். 1994-ல் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட ஒப்புக்கொண்டபோது, அதன் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்ட நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று என்றேன். மாமா உடனே 1971 வங்கதேசப் போருக்குத் தாவினார். “நமக்காக ஐ.நா.வில் வீட்டோ போட்டவர்கள் அவர்கள். நன்றி வேண்டாமா?”

நன்றி வேண்டும்தான். வீட்டோ போட்டது சோவியத் ஒன்றியம். அதில் உக்ரைனும் இருந்தது. தாம்பரத்துக்கு மேலே பறந்த நம் விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் உக்ரைன் தலைநகர் கீவில் தயாரானவை. நம் கடற்படையின் ராஜ்புத் வகைப் போர்க்கப்பல்கள் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்தில் கட்டப்பட்டவை. நன்றிக்கடனை இவர்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டாமா என்று கேட்டேன். மாமா சற்று யோசித்துவிட்டு, “அதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லாம் ஒரே நாடு!” என்றார். எதைப் போட்டாலும் அவர் அடுப்பு எரியும்.

இவரைப் போன்றவர்களின் பேச்சில் வரைபடம் இருக்கும், ஏவுகணையின் பெயர் இருக்கும், தலைவரின் துணிச்சல் இருக்கும். படை வந்து உட்கார்ந்த மறுநாள் அந்த ஊர்க்காரன் என்ன செய்கிறான் என்பது மட்டும் இருக்காது. தெற்கு உக்ரைனின் கெர்சோன் நகரம் 2022 மார்ச் தொடக்கத்திலிருந்து நவம்பர் 11 வரை ரஷ்யப் படையின் பிடியில் இருந்தது. முதல் வாரங்களில் மக்கள் வெறுங்கையோடு கவச வாகனங்களுக்கு முன்னால் வந்து கோஷம் போட்டார்கள். பிறகு ரஷ்ய நாணயமான ரூபிள் வந்தது, ரஷ்யக் கடவுச்சீட்டு வந்தது. செப்டம்பரில் ‘பொது வாக்கெடுப்பு’ என்று வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்; கூடவே துப்பாக்கியோடு சிப்பாய். அந்த லட்சணத்தில் நான்கு மாகாணங்களை இணைத்துக்கொண்டதாக அறிவிப்பு. அவற்றில் ஒன்றான சாப்போரிஷியாவின் தலைநகரம் அன்றைக்கு அவர்கள் கையிலேயே இல்லை!

மாமாவிடம் எடுபட்டது, ரஷ்யா பிடித்த துறைமுக நகரமான மரியுபோலின் கதை ஒன்றுதான். அங்கே வீட்டை விட்டு ஓடியவர்கள் நேரில் வந்து ரஷ்ய முறைப்படி பதிவு செய்யாவிட்டால், அந்த வீட்டை ‘உரிமையாளர் இல்லாத சொத்து’ என்று அறிவித்து எடுத்துக்கொள்கிறார்கள். மாமாவுக்கு மடிப்பாக்கத்தில் ஒரு மனை உண்டு. பக்கத்து மனைக்காரர் இரண்டடி தள்ளி வேலி போட்டார் என்பதற்காக வில்லங்கச் சான்றிதழ், பட்டா நகல், சர்வேயர் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். “உங்கள் இரண்டடிக்கு நியாயம் வேண்டும், அவர்கள் நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போனால் பரவாயில்லையா?” என்று கேட்டேன். அன்றைக்கு அறிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டது.

அம்பத்தூர் உறுப்பினர்:

நான் உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவன். திரும்பி வந்த பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான்தான் காட்சிப் பொருள். வடபழனியில் ஒரு வரவேற்பு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பா முறை உள்ளவர், “சண்டை போடாமல் சரணடைந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே தம்பி?” என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டார். அதனால்தான் பதில் சொன்னேன்.

புச்சா என்று கீவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஏறத்தாழ ஒரு மாதம் ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2022 மார்ச் இறுதியில் படை விலகிய பிறகு அங்கே நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. பலருடைய கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவர்கள் போர்முனையில் சாகவில்லை, பெரியப்பா. பிடிபட்ட ஊரில், தங்கள் தெருவில் செத்தார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காப்பாற்றத்தான் போர் என்றார்கள். கார்கிவில் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ரஷ்ய மொழிதான். எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மா எங்களைத் திட்டியதே ரஷ்ய மொழியில்தான். அந்த ஊரின் சுதந்திரச் சதுக்கத்தில் இருந்த மாகாண நிர்வாகக் கட்டடத்தின் மேல் மார்ச் 1-ம் தேதி ஏவுகணை விழுந்தது. மறுநாள், கிடைத்த வழியில் உடனே வெளியேறுங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுங்கள் என்று நம் தூதரகம் சொன்னது. பனியில் நடந்தோம். காப்பாளர் அம்மா வரவில்லை. அவருக்கு வேறு ஊர் ஏது?

பெரியப்பா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன் மட்டும், “நேட்டோ சீண்டியிருக்காவிட்டால்…” என்று ஆரம்பித்தான். நான் கை கழுவப் போய்விட்டேன்.

வளசரவாக்கம் உறுப்பினர்:

நான் யாழ்ப்பாணத்துப் பெண். சென்னைக்கு வந்து பல காலம் ஆகிவிட்டது. எனக்கு வாய்த்தவர் இன்னொரு வகை. ஈழத்துக்காக மேடையில் அழுகிற ஓர் அண்ணன். உண்மையான பரிவு உள்ளவர், அதில் எனக்கு ஐயம் இல்லை. அவரும் புதின் பக்கம். “அமெரிக்காவுக்கு எதிராக நிற்க ஒருவன் வேண்டாமா தங்கச்சி? அங்குள்ள மக்களே ரஷ்யப் படையைப் பூக்கொடுத்து வரவேற்றார்களே” என்றார்.

அண்ணா, 1987-ல் நாங்களும் மாலை போட்டோம் என்றேன். இந்தியப் படை வந்து இறங்கியபோது எங்கள் ஒழுங்கை முழுக்கச் சனம். காப்பாற்ற வந்தவர்கள் என்று மனதார நம்பினோம். அந்த அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அதே படை புகுந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் செத்தார்கள். மாலை வாங்கியவர்கள் மாலை வாங்கியவர்களாகவே இருந்துவிடுவதில்லை. 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அங்கே செத்திருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளோ. அனுப்பியவர்கள் எவரும் அந்தப் போர்க்களத்தில் சாகவில்லை.

அதோடு அண்ணனுக்கு யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை நினைவுபடுத்தினேன். அவரே மேடையில் பேசுகிற ஊர். 1990-ல் சனத்தை எழுப்பிவிட்டு இலங்கைப் படை உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டது. மயிலிட்டித் துறைமுகத்தை விடுவிக்க 2017 ஆனது. காங்கேசன்துறைக் கடற்கரையில் படையே சுற்றுலா விடுதி நடத்துகிறது. தோட்டக்காணிக்காரர்கள் முகாமில் கிழவர்களாகிச் செத்துப்போனார்கள். இலங்கை அரசும் சனத்தைப் பயங்கரவாதத்திலிருந்து மீட்டோம் என்றுதான் உலகத்துக்குச் சொன்னது. நீங்கள் நம்பினீர்களா, அண்ணா?

“அது வேறு, இது வேறு” என்றார். எது வேறு என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர் உறுப்பினர்:

எங்கள் தோழர் ஒருவர் கேட்பது ஒரே கேள்வி: “ஈராக்கில் அமெரிக்கா செய்தபோது எங்கே போயிருந்தீர்கள்?” எங்கும் போகவில்லை, தோழர், உங்கள் பக்கத்தில் கொடி பிடித்து நின்றேன். 2003-ல் பேரழிவு ஆயுதம் என்றார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இந்தியாவிடமும் படை கேட்டார்கள், அனுப்புவதில்லை என்று அந்த ஜூலையில் வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது. அன்றைக்கு நீங்கள்தான் எங்களுக்குப் பழைய வரலாறு சொல்லிக்கொடுத்தீர்கள்: 1917-ல் பாக்தாதுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் தளபதி மாட், வெற்றிகொள்ள வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று அறிக்கை விட்டதையும், அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளமாக இருந்ததையும், 1920-ல் ஈராக்கியர் கிளர்ந்தெழுந்ததையும். ஈராக் அதிபர் சதாம் கொடுங்கோலன்தானே என்று அன்றைக்கு எவனாவது இழுத்தால், அதற்காக அடுத்தவன் நாட்டைப் பிடிக்கலாமா என்று பாய்வீர்கள். அதே வாதத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்றேன்.

ஐ.நா.வில் இந்தியாவே எதிர்த்து வாக்களிக்கவில்லையே என்றார். 2022 மார்ச் 2-ல் படையெடுப்பைக் கண்டித்தவை 141 நாடுகள், எதிர்த்து வாக்களித்தவை ரஷ்யாவையும் சேர்த்து ஐந்து. நாம் வாக்களிக்காமல் ஒதுங்கிய 35-ல் ஒருவர். ஒதுங்கியது எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் பார்த்த கணக்கு. அதை உங்கள் கொள்கையாக ஏன் தோளில் சுமக்கிறீர்கள்?

தோழர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் கெர்சோனைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச இரண்டு பேரை ஏற்பாடு செய்துவிட்டாராம்.