கொருக்குப்பேட்டை வாசிப்பு வட்டம்: ஞாயிறு கூட்டத்துக்கு முன்னாடி

யாஸ்மின்: சார், 'கடவுள் இறந்துவிட்டார்'னு ஜெர்மன் தத்துவவாதி நீட்சே எழுதினதுதான் ஹிட்லர்ல வந்து முடிஞ்சுதா?

பாஸ்கர் சார்: இல்லம்மா. 1882ல அவர் எழுதினதுல அதைச் சொல்றவன் ஒரு பைத்தியக்காரன். பகல்ல லாந்தரோட சந்தைக்கு ஓடி வந்து, 'நாமதான் கொன்னோம், இனி எங்க போறோம்?'னு கதறுறான். அது கொண்டாட்டம் இல்ல, பயம்.

லூர்து அண்ணன்: கடவுள் இருந்த அந்தக் காலி இடத்துல என்ன வந்து உக்காந்துச்சுன்னு பாக்கணும். 1953 உரையில இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் ரைன் ஆத்து மின்நிலையத்தைக் காட்டுறார். ஆறு ஆறா இல்லாம, எடுத்துக்க வேண்டிய சரக்கு இருப்பாயிடுது. நம்ம எண்ணூர் கழிமுகமும் அப்படித்தான். வலைக்காரருக்கு அது இறால், மடவை. அனல்மின் நிலையத்துக்குச் சுடுதண்ணி விடுற வாய்க்கால்.

மேரி டீச்சர்: அதே ஹைடெக்கர் 1933 மே மாசம் நாஜிக் கட்சியில சேர்ந்தவர். அதையும் சேர்த்தே படிக்கணும்.

யாஸ்மின்: மனுஷன் எப்படிண்ணே சரக்கு இருப்பா ஆவான்?

லூர்து அண்ணன்: அட்டையில. 1933 ஜூன் 16 ஜெர்மன் கணக்கெடுப்புல, ஐபிஎம்மோட அங்கத்திய கிளை டெஹோமாக், ஓட்டை போட்ட அட்டையைப் படிச்சு எண்ணுற ஹோலரித் மெஷினை ஓட்டுச்சு. ஆளுக்கு ஒரு அட்டை, மதத்துக்கு ஒரு பத்தி. ஓட்டை எங்க விழுதோ அதை வச்சு மெஷின் பிரிக்கும். 1939 மே 17 கணக்கெடுப்புல தாத்தா பாட்டி நாலு பேர்ல ஒவ்வொருத்தரும் யூதரான்னு தனி அட்டையிலயே கேட்டாங்க.

பாஸ்கர் சார்: நெதர்லாந்துல சமாதான காலத்துலயே பதிவேட்டுல மதம் இருந்துச்சு. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நாஜிகள் வந்தப்போ பட்டியல் ரெடியா இருந்துச்சு. 1943 மார்ச் 27 ராத்திரி நாஜி எதிர்ப்புக்காரங்க ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தைக் கொளுத்தினாங்க. நெருக்கி அடுக்கின அட்டை லேசுல எரியாது. அதனால டிராயரை உருவித் தரையில கொட்டிப் பத்த வச்சாங்க. தீயணைப்புக்காரங்க வேணும்னே லேட்டா வந்து, அட்டை நனைஞ்சு கெடட்டும்னு தேவைக்கு மேல தண்ணி அடிச்சாங்க. அப்பவும் 15 சதவீதம் மாதிரிதான் அழிஞ்சுது.

யாஸ்மின்: அப்போ மெஷின் மேலதான் தப்பா?

மேரி டீச்சர்: அது மட்டும் போதாது. நாஜிகள்கிட்ட இருந்து தப்பிச்ச யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட், 1951ல எழுதின சர்வாதிகார நூலுக்கு 1958 பதிப்புல சேர்த்த அத்தியாயத்துல தனிமையைத்தான் சொல்றாங்க. பக்கத்து வீட்டோட பொதுவா ஒண்ணுமே இல்லாதவன் எந்தத் தர்க்கம் இழுத்தாலும் அதும் பின்னாடி போயிடுவான். பட்டியலும் அந்த ஆளும் சேர்ந்தாதான் ஆபத்து.

லூர்து அண்ணன்: அப்போ நம்ம தெருக்காரங்க விவரம் வாங்குற படிவத்துல 'மதம்' எதுக்கு? அவசர போன், ரத்த வகை இருந்தா போதாதா?

யாஸ்மின்: ஷீட்ல அந்தப் பத்தியை டெலீட் பண்ணிடறேண்ணே.

பாஸ்கர் சார்: டெலீட் பண்ணாலும் வெர்ஷன் ஹிஸ்டரில பழசு நிக்கும்மா. வேணுங்கிற பத்தியை மட்டும் புது ஃபைல்ல ஒட்டு. பழைய ஃபைலை ட்ராஷ்ல இருந்தும் எடுத்துடு. டவுன்லோட் பண்ணி வச்சவங்களையும் அழிக்கச் சொல்லு.